வெந்நீர் அடுப்பில் எரிந்த நோட்டு

அந்த நோட்டை எரித்தது நான்தான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் குறி கேட்கவும் போகவில்லை. நானே எடுத்தேன், நானே வெந்நீர் அடுப்பில் போட்டேன், மேலே ரெண்டு கட்டிக் கற்பூரமும் வைத்தேன். எரிந்து முடிகிறவரை முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எங்கள் வீடு மண்ணூரில். வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மாடியில் ஒரு ரூம் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன வருஷம் அதில் ரெண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்குக் கோவில்பட்டிப் பக்கம், இன்னொருத்தி தூத்துக்குடி. ரெண்டு பேரும் ஒரே செல்போன் கம்பெனியில் ஒரே லைனில் வேலை. தூத்துக்குடிப் பெண் வேதக்காரப் பெண், தலைமாட்டில் பைபிள் வைத்துப் படுப்பாள். ரெண்டுமே நல்ல பிள்ளைகள். மாடியில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கீழே என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஆவணி மாசம் என் மகள் வந்து சேர்ந்தாள். குன்றத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அஞ்சாம் மாசம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் லேசாக ரத்தம் காட்டியதால் டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, படுத்த படுக்கையாக இரு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் பாத்ரூம் போய்விட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். என்ன சொல்லப் போகிறாளோ என்று மிஷினை நிறுத்திவிடுவேன். அப்படி ஒரு நிலையில் நான் இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன், அது நியாயம் ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் மாடிப் படிக்கட்டில் தண்ணீர் ஓடி வந்தது. பெண்கள் ரெண்டு பேரும் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள். அவர்களிடம் ரெண்டு சாவி இருந்தது. மூன்றாவது ஒன்று என்னிடம் இருந்தது, அதை அவர்களுக்கு நான் சொன்னதில்லை. பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து, குழாயை மூடி, தரையைத் துடைத்தேன். அத்தோடு இறங்கி வந்திருக்கலாம்.

பாயின் மேல் ஒரு பெரிய நோட்டு திறந்து கிடந்தது. தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்றுதான் குனிந்து எடுத்தேன். பக்கம் முழுக்கக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி. சூலத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒன்று, பாம்பு தன் வாலையே கவ்வினது போல ஒன்று, கண்ணில்லாத முகம் போல ஒன்று. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, கம்பெனிக்கு வருகிற வடக்கத்திப் பிள்ளைகளின் எழுத்தும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கே தமிழில் என் பெயர். அடுத்து என் வீட்டுக்காரர் பெயர், என் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்தக் குறிகள், சில குறிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கடைசியில் பாப்பா என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரில் இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்த வெறும் கட்டம்தான் என்னை அடித்தது. மகள் கீழே படுத்திருக்கிறாள், இங்கே பாப்பாவுக்கு நேராக ஒன்றுமில்லை. செய்வினை, தகடு என்றெல்லாம் சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கோவில்பட்டிப் பெண்ணின் கையெழுத்து எனக்குத் தெரியும், வாடகை கொடுக்கிற கவரில் எழுதித் தருவாள். எனக்கு எதற்கு இவள் கெடுதல் செய்யப் போகிறாள் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. அவள் மூன்றரைக்குத் திரும்பிவிடுவாள். அப்போது மணி பதினொன்று. நாலரை மணி நேரம் பொறுத்திருந்தால் கேட்டிருக்கலாம். நோட்டைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு கீழே வந்து, அடுப்பில் போட்டேன்.

மறுநாளில் இருந்து மகளுக்கு ரத்தம் நின்றுவிட்டது.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். சரியான நேரத்தில் என் கண்ணில் காட்டினாயே முருகா என்று கும்பிட்டேன். வீட்டுக்காரரிடம் நோட்டு விஷயம் எதுவும் சொல்லவில்லை. ரத்தம் நின்ற செய்தியை மட்டும் சொன்னேன். "மாத்திர வேல செஞ்சிகினு கீது" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாடியில் மட்டும் சிரிப்பு நின்றுபோனது.

நோட்டைக் காணோம் என்று கோவில்பட்டிப் பெண் அன்றைக்கே இறங்கி வந்து கேட்டாள். "யக்கா, நீல அட்ட போட்ட நோட்டு ஒண்ணு எங்கயாச்சும் பாத்தியளா?" என்றாள். இல்லையேம்மா என்றேன். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல் சொன்னேன். திருடனிடம் இருந்து பிடுங்கியதைத் திருடனிடமே யார் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு.

அவளுக்குச் சந்தேகம் தூத்துக்குடிப் பெண் மேல் போனது. அதற்குக் காரணமும் இருந்தது. லீவு நாளெல்லாம் நோட்டும் போனுமாக இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் கேலி செய்வாள் போலிருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான், "ஒரு நா இல்ல ஒரு நா இத குப்ப வண்டியில தூக்கிப் போடுதேனா இல்லையான்னு பாரு" என்று சொல்லியிருக்கிறாள். ரூமுக்கு ரெண்டே சாவி. வேறு யார் எடுத்திருப்பார்கள்?

நான் மாடியில் துணி காயப்போடப் போனபோது உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"வெளையாட்டுக்குச் சொன்னேன்டி. அதுக்குன்னு எடுத்துப் போட்டுருவேனா?"

"பொறவு நோட்டுக்குக் காலு மொளச்சு நடந்து போயிருச்சா?"

"இந்தா பாரு, பைபிள் மேல கைய வச்சுச் சொல்லுதேன். நான் தொடல்ல."

"எது மேல வேணாலும் வையி. ரெண்டு வருசம்டி அது."

நான் ஈரத்துணி வாளியோடு படியிலேயே நின்றேன். சத்தியம் என்றால் என்ன என்று தெரிந்தவள் நான். சாமி பெயரைச் சொல்லி ஒரு பெண் உண்மையைச் சொல்கிறாள், அதை நம்ப ஆளில்லை, உண்மை தெரிந்த ஒரே ஆள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். இருந்தும் துணியைக் காயப்போடாமலே இறங்கி வந்தேன். அந்த மாசக் கடைசியில் தூத்துக்குடிப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது என் மகளுக்கு ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு வாயில் வந்தது, "நல்லா இரும்மா" என்ற ரெண்டு வார்த்தைதான்.

செய்வினைக்காரி என்று நான் நினைத்தவளை ஏன் வீட்டில் வைத்திருந்தேன் என்று கேட்கலாம். நோட்டு எரிந்ததும் வினை போய்விட்டது என்று தைரியம். மகள் பக்கம் மட்டும் அவளை விடாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் நான் கடைக்குப் போகிற நேரம் ரெண்டு பேரும் பேசிப் பழகிவிட்டார்கள். படுத்தே கிடக்கிறவளுக்கும் ஆள் வேண்டுமே.

ஐப்பசியில், வளைகாப்புக்கு நாலு நாள் முன்னால், நான் ரேஷன் கடையில் இருந்து திரும்பி வந்தபோது ரெண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மகள்தான், "ம்மா, இங்க வந்து இன்னா கீதுன்னு பாரேன்" என்று இழுத்து உட்கார வைத்தாள்.

வேறு ஏதோ கிரகத்து ஆட்கள் வருகிற வெளிநாட்டு சீரியல், தமிழில் பேச வைத்திருந்தார்கள். நெற்றி மேடாக, தோல் பச்சையும் சாம்பலுமாக ஆட்கள். பெரிய பெரிய அங்கி. அங்கியின் கழுத்திலும் கையிலும் ஓரத்திலும் தைத்திருந்ததைப் பார்த்தேன். கவிழ்த்த சூலம். வாலைக் கவ்விய பாம்பு. கண்ணில்லாத முகம்.

அவள்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் கிரகத்து எழுத்தாம் அது. சீரியல்காரர்கள் அதற்கு அர்த்தம் சொல்வதில்லையாம். பார்க்கிறவர்கள்தான் உலகம் பூராவும் உட்கார்ந்து, யார் சட்டையில் எந்த எழுத்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்களாம். அதற்கு ஒரு குரூப் இருக்கிறதாம். அதில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், எங்கேயோ பனி நாட்டில் லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார். முதல் முடிச்சை அவிழ்த்தது இவள்தான்.

"எங்க கம்பெனி கோட்டுல காலர்ல பேரு இருக்கும், கையில இருக்க பட்டையப் பாத்தா எந்த லைனுன்னு தெரியும்லாக்கா. இவங்களும் அப்படித்தான் எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு. காலர்ல இருக்கறத அவங்க பேரோட ஒத்துப் பாத்தேன். ரெண்டு பேரு பேருல ஒரே சத்தம் வந்தா, காலர்லயும் ஒரே எழுத்து வருது. குரூப்புல போட்டேன், எல்லாரும் மெரண்டுட்டாங்க." சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பெண், லைனில் எட்டு மணி நேரம் ஒரே திருகாணியைத் திருகுகிற பெண். அந்த முகம் வேறு முகமாக இருந்தது.

"போன்லயே படம் பிடிச்சு வெச்சுக்கலாம் இல்ல?" என்றாள் மகள்.

"இந்த ஆப்புல பிடிச்சா கருப்பாத்தான் விழும். நிறுத்தி நிறுத்திக் கையாலதான் வரையணும். அப்படி வரஞ்ச நோட்டுதான் தொலஞ்சு போச்சு. முழுசா முடிச்சுட்டுக் குரூப்புல போடலாம்னு இருந்தேன்." பிறகு ஒரு கவரைப் பிரித்தாள். "வளைகாப்பு அன்னிக்கு நைட் ஷிப்டுக்கா. அதான் இப்பமே தாரேன்."

வெள்ளை மல் துணி. குழந்தையைச் சுற்றுகிற அளவு. ஓரத்தில் நீல நூலில் அந்த எழுத்துகள். மகளுக்கு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தக் கெரகத்துல பிள்ள பொறந்தா வீட்டுல உள்ளவங்க பேரெல்லாம் துணி ஓரத்துல தைச்சுத்தான் சுத்துவாங்க. எங்க போனாலும் வழி தப்பாம வீட்டுக்கு வந்துரும்னு ஒரு நம்பிக்க. இது மாப்பிள்ள அண்ணன் பேரு, இது உங்க பேரு, இது மாமா பேரு. இந்த எடம் பாப்பாக்கு. பேரு வச்சப்பொறவு தைக்கலாம்னு விட்டிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினாள். "யக்கா, தப்பா நெனைக்காதிய. உங்க பேருல ஒரு எழுத்து மட்டும் எனக்கு மறந்துபோச்சு. புதுசா கண்டுபிடிச்ச எழுத்து, நோட்டுல செவப்பு வட்டம் போட்டு வச்சிருந்தேன். அதான் உங்க பேரு மட்டும் தைக்க முடியல்ல."

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "முப்பது வருஷமா பஸ்ஸு ஓட்றேன். இடிச்சிட்டு நிக்காமப் போறவன இன்னான்னு சொல்லுவாங்க தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும் என்றேன். "இடிச்சது கூடப் பரவால்லடி. நிக்காம வந்துட்ட பாரு" என்றார். கையைக் கழுவ எழுந்து போனார்.

மறுநாள் காலையில் குன்றத்தூர் மலை ஏறினேன். நேர்ந்துகொள்ள எதுவும் இல்லை. போன தடவை இதே படியில் நின்று நன்றி சொன்னேனே, அந்த நன்றியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இல்லையே என்றுதான் இருந்தது. பயந்தது நான், சந்தேகப்பட்டது நான், அதற்கு அவன் பெயரைச் சொல்லிக் கற்பூரம் ஏற்றினேன். சாவியைக்கூட அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். திருநீறு வாங்கக் கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. ஐயர்தான், "கைய நீட்டும்மா, பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றார்.

அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தாள். சாவியை அவள் கையில் கொடுத்தேன். சொன்னேன். தண்ணீர், குழாய், கட்டம், பாப்பா, கற்பூரம் எல்லாம்.

அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். "எல்லாப் பக்கமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாப் பக்கமும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா."

அவள் சாவியைப் புரட்டிப் பார்த்தாள். "நான் அவளப் போட்டு என்ன பேச்சு பேசிட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "நான் போன் போட்டுச் சொல்ல மாட்டேன். நீங்க போயி, அவ மொகத்தப் பாத்துச் சொல்லணும்" என்றாள். சின்னப் பெண், என் மகளைவிடச் சின்னவள். சரிம்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். ஹாஸ்டல் வாசலில் நின்றபடியே தூத்துக்குடிப் பெண் நான் சொன்னதைக் கேட்டாள். பக்கத்தில் ரெண்டு பெண்கள் காய்கிற துணியை எடுப்பது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் சத்தியம் பண்ணும்போது படியில வாளி சத்தம் கேட்டுச்சு" என்றாள். "அது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"அப்பமே உள்ள வந்திருக்கலாமே."

"வந்திருக்கணும்."

"செய்வினன்னு பயந்தது கூட எனக்குப் புரியுதுக்கா. எங்க ஊருலயும் பயப்படுவாங்க. அந்த வாளிதான் எனக்குப் புரியல்ல." பிறகு மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ரூமுக்குத் திரும்பி வாம்மா என்று கூப்பிட்டேன். "இல்லக்கா, இங்க சாப்பாடு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மெஸ் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். கம்பெனி கேன்டீனில் இப்போது ஒன்றாகத்தான் உட்காருகிறார்களாம். அதற்கும் என்னால் உரிமை கொண்டாட முடியாது.

கோவில்பட்டிப் பெண் என்னிடம் ரூமைக் காலி செய்வதாகச் சொல்லவில்லை. மறுநாள் ஒரு புதுப் பூட்டு வாங்கி வந்து போட்டாள். நான் கொடுத்த சாவியைப் பழைய பூட்டோடு சேர்த்து என்னிடமே திருப்பித் தந்தாள். புது நோட்டும் வாங்கினாள். முதல் பாகத்தில் இருந்து நிறுத்தி நிறுத்தி மறுபடி வரைய ஆரம்பித்தாள். நான் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நான் கட்டம் போட்டுத் தரட்டுமாம்மா? ஸ்கேல் வச்சு நேரா போடுவேன்."

"போடுங்க" என்றாள். சிரிக்கவில்லை.

லீவு நாளில் அவள் வரைவாள், நான் கட்டம் போடுவேன். தை மாசம் பேத்தி பிறந்தாள், நல்லபடியாக. மடியில் பேத்தியைப் போட்டுக்கொண்டும் போட்டேன். அப்படி ஒரு நாள், அந்தக் கிரகத்து ராணியின் இடது கையை நிறுத்திவிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை எழுத்து மட்டும் எதோடும் ஒத்து வருவதில்லையாம். அது ரகசிய எழுத்து, பூஜைக்கு மட்டும் உள்ள எழுத்து என்று குரூப்பில் ஒரு வருஷமாகச் சண்டையாம்.

நான் பார்த்தேன். எனக்குச் சொல்லப் பயமாகத்தான் இருந்தது.

"போனக் கொஞ்சம் கவுத்துக் காட்டேன்" என்றேன்.

கவிழ்த்தாள்.

"இது வலது கையில இருக்கறதேதாம்மா. தலைகீழா தைச்சிக்கினு இருக்கான். பார்டர் துணி பத்தலன்னா பீஸத் திருப்பி வெட்டுவோம். ஒரு கையில மயில் நேரா நிக்கும், இன்னொரு கையில தலைகீழா தொங்கும். நானே ஒரு கல்யாண ஜாக்கெட்டுல பண்ணி, வாங்கிக் கட்டிக்கினு கீறேன்."

அவள் போனை நேராகப் பிடித்தாள், கவிழ்த்தாள், மறுபடி நேராகப் பிடித்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, பேத்தி தூக்கத்தில் இருந்து முழித்துக்கொண்டாள். ஆவணிக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் சிரிப்பு அது. "பூஜ எழுத்தாம், பூஜ எழுத்து! டெய்லர் பண்ண கூத்தா இது!" என்று தொடையில் தட்டினாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர்களாவது ஒரு வருஷம் அதைப் பூஜை எழுத்து என்று நினைத்துச் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். நானும் அதே எழுத்தைத்தானே பார்த்தேன்.

குரூப்பில் போட உட்கார்ந்தாள். "ஹவுஸ் ஓனர் அக்கா ஒருத்தங்க, டெய்லரு, அவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதட்டுமா?" என்றாள்.

"அத எழுதுனா, நோட்ட எரிச்சதும் அவங்கதான்னு சேத்து எழுதும்மா" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. "அத நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க" என்றாள்.

கட்டம் போட்ட நோட்டில் மிஞ்சிய தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன். என் பெயரின் அந்த மறந்த எழுத்து இப்போது அவளுக்குக் கிடைத்துவிட்டது. மல் துணியில் பேத்தியின் பெயரையும் தைத்துவிட்டாள். உங்கள் பெயரையும் தைக்கட்டுமா என்று அவள் இன்னும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. துணியைத் துவைத்துக் காயப்போடும்போது என் பெயருக்கு விட்ட அந்த வெறும் இடம் விரலில் படும். அங்கே கிளிப் மாட்டாமல் தள்ளி மாட்டுகிறேன்.